பழவேற்காட்டை விட்டு வேலூர் வந்தவனுக்கு ஒரு ஏரி சொல்லுங்கள்

உப்பங்கழி எழுதியது:

வணக்கம். பொன்னேரிப் பக்கம் வளர்ந்தவன் நான், பறவை பார்க்கப் பழகியதும் பழவேற்காட்டில்தான். இப்போது வேலை காட்பாடிக்கு வந்துவிட்டது, இன்னும் சில வருடங்களுக்கு இங்கேதான் என்று தெரிகிறது.

அங்கே ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் வருடம் எப்படி ஓடும் என்று கையில் ஒரு கணக்கு இருந்தது. ஆடி முடியும்போதே உள்ளான்கள் இரண்டும் மூன்றுமாகத் தலைகாட்டும், முதலில் வருபவற்றின் உடம்பில் வடக்கே போட்டிருந்த செம்பழுப்பு இன்னும் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறு தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டி ஏரி மட்டம் ஏறினால் பூநாரைகள் ஆழம் குறைவான பக்கமாக நகர்ந்துவிடும், தை மாசியில் தண்ணீர் வடிய வடியத் திரும்பி வரும். ஏப்ரலில், வளைந்த அலகுள்ள சின்ன உள்ளான்கள் செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் போனால் ஆளே இருக்காது. வைகாசி, ஆனியில்கூட வடக்கே கிளம்பாமல் தங்கிவிட்ட இளம் மணல் உப்புக்கொத்திகள் சில சேற்றில் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே வந்து பார்த்தால் கடல் இல்லை, ஓதம் (கடல் தண்ணீர் ஏறி இறங்குவது) இல்லை, பாலாறு மணலாகக் கிடக்கிறது. வேலைக்கு முன்னால் போய்விட்டு வரும்படி ஒரு இடம் வேண்டும், வருடம் முழுக்க ஏதாவது நடக்கிற இடமாக இருக்க வேண்டும். பெரிய ஏரி என்றால் காவேரிப்பாக்கம் என்கிறார்கள், உண்மையா? இல்லை, மாதம் ஒருமுறை கடற்கரைக்கே போய் பழைய இடத்தைத் தொடர்வதுதான் சரியா? இங்கேயே ஊறிய ஆட்கள் சொல்லுங்கள்.

—

கழிஞ்சூர் வாசி எழுதியது:

மாதம் ஒருமுறை போகிற இடம் உங்கள் இடம் ஆகாது நண்பரே, அது சுற்றுலா. காட்பாடியில் இருக்கிறீர்கள் என்றால் கழிஞ்சூர் ஏரி, தாராபடவேடு ஏரி இரண்டும் சைக்கிள் தூரம். ஆகாயத்தாமரை, குப்பை, நாய் எல்லாம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஆகாயத்தாமரைமேல்தான் இலைக்கோழி நடக்கும், அதன் ஓரத்தில்தான் நீலத் தாழைக்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வரும். முக்குளிப்பான், நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, கருப்பு வெள்ளை மீன்கொத்தி, இவற்றுக்கெல்லாம் ஏரி பெரிதா சின்னதா என்கிற கவலை இல்லை. ஆறரை மணிக்குப் போனால் எட்டுக்குள் வீட்டில் இருக்கலாம், குளித்துவிட்டு ஆபீஸ்.

நகரத்துக்குள் வேலை இருக்கிற நாளில் கோட்டை அகழியை ஒரு சுற்று சுற்றுங்கள். நீர்க்காகம், மடையான் என்று அதிகாலையில் ஒரு நல்ல பட்டியல் வரும். செல்ஃபி எடுக்கும் கூட்டம் வருவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

—

மதகடி எழுதியது:

எங்கள் நிலம் காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைப் பற்றிக் கழிஞ்சூர் வாசி சொன்னது சரி. தினமும் பார்க்க வீட்டுப் பக்கத்து ஏரி, ஞாயிற்றுக்கிழமைக்குக் காவேரிப்பாக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லவர் காலத்து ஏரி, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று, வாலாஜாவுக்குப் பக்கத்தில் பாலாற்றுக்குக் குறுக்கே கட்டிய அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. 2019ல் மாவட்டத்தைப் பிரித்ததில் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், எங்கள் தாத்தாவுக்கு இன்னும் வட ஆற்காடுதான்.

முதலில் மனதில் மாற்ற வேண்டியது ஒன்று. கழிமுகத்தில் தேதியை வைத்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள், ஆகஸ்ட் என்றால் இது, ஏப்ரல் என்றால் அது என்று. ஏரியில் தண்ணீர் மட்டம்தான் பஞ்சாங்கம். பாலாற்றில் தண்ணீர் வராத வருடம் உண்டு. 2020 நவம்பரில் நிவர் புயலில் வந்தது, 2021 நவம்பரில் கரை புரண்டு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வந்த வருடத்து ஜனவரியும் வராத வருடத்து ஜனவரியும் ஒரே இடம் என்றே சொல்ல முடியாது.

அப்புறம், ஏரி கோடி போகிறது, அதாவது நிரம்பி வழிகிறது என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் முழுக்க நிரம்பிய ஏரியில் பறவை குறைவு. கரையை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஆழம் நின்றால் கால் ஊன்றி மேயும் பறவை எதுவும் அங்கே நிற்காது. நீர்க்காகம் முங்கும், பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டும், மேலே மீசை ஆலா சுற்றும், நடுவில் கொஞ்சம் வாத்து மிதக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் கரைக்கு எதிரே இருக்கும் உள்வாய்ப் பக்கம் போங்கள். தண்ணீர் புதிதாக ஏறிப் புல்லும் கோரையும் முழங்கால் அளவில் முங்கியிருக்கும் இடம் அது, பொரி உள்ளான், பச்சைக்காலி, நெடுங்கால் உள்ளான் எல்லாம் அங்கேதான். மார்கழிப் பனியில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் அங்கே ஒதுங்கும்.

உண்மையான பருவம் மதகைத் திறந்த பிறகுதான். சம்பா அறுத்து நவரைக்குத் தண்ணீர் விடுவோம், தை மாசியில் மட்டம் இறங்கிக்கொண்டே வரும், இறங்கிய இடமெல்லாம் சேறு. கிளம்புவதற்கு முன் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டிய உள்ளான்களும் பட்டாணி உப்புக்கொத்திகளும் அந்தச் சேற்றுக்குத்தான் வரும். மஞ்சள் வாலாட்டிகள் மங்கலாக வந்தவை, பங்குனிக்குள் எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிடும். ஏரிக்குள்ளேயே நின்றுவிடாமல் ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயலையும் சேர்த்துப் பாருங்கள். நவரைக்குச் சேடை ஓட்டும் டிராக்டர் பின்னால் உண்ணிக்கொக்கு, மடையான், நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் என்று ஒரு ஊர்வலமே போகும், மேலே சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வரப்புகளைத் துழாவும்.

சித்திரையில் ஏரி பாதிக்கு மேல் காய்ந்து குட்டைகளாக நிற்கும், மீன் எல்லாம் அந்தக் குட்டைகளில் அடைந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் வெயிலுக்குப் பயந்து வராத மாதம் அது. வேடந்தாங்கல் மாதிரி இடங்களில் குஞ்சு பொரித்து முடித்த கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கரண்டிவாயனும், அந்த வருடத்து இளசுகளோடு சேர்ந்து இப்படிக் காயும் ஏரிகளைத் தேடித்தான் அலைகின்றன. குத்தகைக்காரர்கள் வலை இழுக்கும் காலையில் போனால் மனிதனுக்கும் கூழைக்கடாவுக்கும் நடக்கும் போட்டியைப் பார்க்கலாம், பெரும்பாலும் கூழைக்கடாதான் ஜெயிக்கும்.

வெளிச்சத்துக்கு ஒரு குறிப்பு. நம் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்கில் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், பறவையின் நிறம் துல்லியமாகத் தெரியும். சாயங்காலம் என்றால் உள்வாய்ப் பக்கமிருந்து பாருங்கள். மாற்றிச் செய்தால் நாள் முழுக்கக் கருப்பு நிழலைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

—

குடியாத்தம் டீச்சர் எழுதியது:

தம்பி, பாலாறு மணலாகக் கிடக்கிறது என்று சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். அந்த மணலைத்தான் நான் பார்க்கச் சொல்வேன், அதிலும் கோடையில்.

மாசி முதல் வைகாசி வரை ஆற்றின் திறந்த மணலிலும் காய்ந்த ஏரித் தரையிலும் ஆள்காட்டி முட்டையிடும். கூடு என்று ஒன்றும் இருக்காது, நாலு கூழாங்கல் நடுவில் முட்டை கிடக்கும், மிதித்துவிட்டுப் போனால்கூடத் தெரியாது. பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிட்டால் நின்ற இடத்திலிருந்து வந்த வழியே திரும்பிவிடுங்கள். படம் எடுக்கிறேன் என்று வெயிலில் தாயை அரை மணி நேரம் விரட்டி வைத்தால் முட்டை அவிந்துவிடும். வேலூர்க் கத்திரி வெயில் எப்படி என்று உங்களுக்கு இந்த வருடம் தெரிந்துவிடும்! இருட்டிய பிறகு ஆற்றோரம் வண்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் கண்கிலேடி கத்துவது கேட்கும், பகலில் புதர் நிழலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், கண் மட்டும் பெரிசாக மஞ்சளாகத் தெரியும்.

மணல் இருக்கிற இடத்தைத்தான் சொல்கிறேன். அள்ளிக்கொண்டு போன இடத்தில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது, அங்கே கூடு வைக்கத் திறந்த தரை ஏது. தோல் கழிவு வந்து சேர்ந்த பகுதிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும், விடுகிறேன்.

நீர்ப்பறவை மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் இருந்தால் இங்கே வெறும் மாதமே கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் சோளக்குருவிகள் முதல் கூட்டமாக இறங்கும். ஐப்பசியில் தகைவிலான்கள் மின்கம்பி முழுக்க உட்காரும், வேலிக்கு ஒரு பழுப்புக் கீச்சான் வந்து இடம் பிடிக்கும். அதே மாதத்தில் தெற்கே போகிற ஆறுமணிக்குருவி களைத்துப்போய் வீட்டுக் கொல்லையில் இறங்குவதுண்டு, பூனை வளர்ப்பவர்கள் கவனம். தென்மேற்குப் பருவமழையில் இரண்டு தூறல் விழுந்ததும் கிணற்றோரத் தென்னையிலும் ஈச்சையிலும் தூக்கணாங்குருவி பின்ன ஆரம்பிக்கும். மோர்தானா அணைப் பக்கம் ஒருநாள் வாருங்கள், அங்கே மலையடிவாரக் காடும் தண்ணீரும் சேர்ந்து இருப்பதால் பட்டியலே வேறு மாதிரி இருக்கும்.

பிள்ளைகளோடு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு செய்கிறோம், 2015லிருந்து தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. வீட்டு மாடியிலிருந்துகூடச் செய்யலாம், கால் மணி நேரம் பார்த்துப் பட்டியலை ஏற்றினால் போதும்.

—

உப்பங்கழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மதகடி அண்ணே, கரை கிழக்கில் இருப்பது பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை, நான் இதுவரை சாயங்காலம்தான் கரைமேல் போய் நின்றுகொண்டிருந்தேன். டீச்சர், கோடைக்குக் கண்டிப்பாக ஆற்றுப் பக்கம் போகிறேன், தூரத்திலிருந்தே பார்க்கிறேன்.

இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, மதகு எப்போது திறப்பார்கள் என்று வெளி ஆளுக்கு எப்படித் தெரியும்? ஓதம் என்றால் அட்டவணை பார்த்துக் கிளம்பலாம். இரண்டு, கடற்கரையை முழுக்க விட மனசு வரவில்லை. வருடத்துக்குச் சில தடவைதான் முடியும் என்றால் எந்தப் பருவத்தில் போவது? ஸ்கோப் (பெரிய தொலைநோக்கி) ஒன்று வைத்திருக்கிறேன், ஏரிக்கு அது தேவையா, இல்லை 8x42 பைனாகுலர் போதுமா?

—

வாலாஜா ரோடு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கும் கடற்கரைக் கிறுக்கு உண்டு.

ஏரி பற்றி மேலே சொன்னதெல்லாம் சரிதான், ஆனாலும் ஏரியில் கிடைக்காதவை என்று ஒரு கூட்டம் இருக்கிறது. குதிரைமலைக் கோட்டான், வரிவால் மூக்கன், மணல் உப்புக்கொத்தி, பெரிய ஆலாக்கள், இவற்றுக்கு உப்புச் சேறு வேண்டும், காவேரிப்பாக்கத்தில் எவ்வளவு நாள் நின்றாலும் வராது. ஆகவே முழுக்க விடாதீர்கள். ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் ஒருமுறை, அப்போது ஏரி பெரும்பாலும் காய்ந்து கிடக்கும், இழப்பு ஒன்றும் இல்லை. பொங்கல் கழித்து ஒருமுறை பூநாரைக்கு. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் ஒருமுறை, அந்தச் செங்கல் நிறத்துக்காக. நடுவில் இருக்கும் மாதங்களை ஏரிக்குக் கொடுத்துவிடுங்கள்.

வேலூரிலிருந்து போவதற்குப் பொன்னேரி வழி எனக்கு அலுப்பு, சென்னை நெரிசலில் பாதி நாள் போய்விடும். சித்தூர், திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாகச் சூளூர்ப்பேட்டை போய்விடுங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காடு ஏரியின் நடுவிலேயே ஓடுகிறது, தண்ணீர் மட்டம் சரியாக இருந்தால் பூநாரை சாலையிலிருந்தே தெரியும். அதே பயணத்தில் நேலப்பட்டுவில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருப்பதையும் பார்த்துவிடலாம். நீங்கள் அந்த ஊர்க்காரர், தெரிந்திருக்கும், ஆனால் இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தெற்குப் பக்கம் போகிறவர்கள் படகை நம்பிப் போக வேண்டாம், 2011 கிறிஸ்துமஸ் அன்று நடந்த விபத்து நினைவிருக்கும். கரையிலிருந்தே நிறையப் பார்க்கலாம்.

திறந்த கடலோரச் சேறு, முகத்துவாரம் என்றால் ஓதம் உச்சிக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம் பிடித்துவிடுங்கள், தண்ணீர் ஏற ஏறப் பறவை உங்களை நோக்கி ஒதுங்கி வரும். நம் கிழக்குக் கடற்கரையில் ஓதம் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான், பழவேற்காட்டுக்கு உள்ளே அதுவும் குறைந்துவிடும். முகத்துவாரம் மணல் மூடியிருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதெல்லாம் அட்டவணையைவிட முக்கியம்.

ஸ்கோப்பை விற்றுவிடாதீர்கள். சின்ன ஏரிக்கு 8x42 தாராளம். காவேரிப்பாக்கம் நிரம்பி நிற்கும்போது நடுவில் மிதக்கும் வாத்துக் கூட்டத்தில் எது தட்டைவாயன், எது ஊசிவால் என்று பிரிக்க ஸ்கோப் இல்லாமல் முடியாது. வெயில் ஏறினால் கானல் அலைந்து ஸ்கோப்பும் உதவாது, எட்டரை மணிக்குள் எண்ணி முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. வங்கக் கடலில் புயல் கரை கடந்து மழை நம் பக்கம் வந்தால், அது ஓய்ந்த மறுநாளே ஏரிக்குப் போங்கள். கடலில் மட்டும் இருக்க வேண்டிய ஆலா ஏதாவது காற்றில் அடித்துக்கொண்டு வந்து உள்நாட்டு ஏரியில் இறங்குவது நடப்பதுதான். கடலோரத்தில் பழகிய கண் உங்களுக்கு இருக்கிறது, எங்களில் பலர் மீசை ஆலா என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

—

கழிஞ்சூர் வாசி எழுதியது:

பட்டியல் போடும்போது ஒன்று கவனிக்கவும். அபூர்வமானதை மட்டும் இபேர்டில் (பறவைப் பட்டியல் ஏற்றும் இணையதளம்) ஏற்றிவிட்டுக் காக்கா, மைனாவை விட்டுவிடாதீர்கள். பார்த்தது முழுவதையும், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதோடு ஏற்றினால்தான் பின்னால் யாராவது எடுத்துப் பார்க்கும்போது, எது வந்தது என்பதோடு எது வரவில்லை என்பதும் தெரியும். ஏரி காய்ந்து கிடக்கும் நாளிலும் போய், நாலு ஆள்காட்டியும் ஒரு மாட்டு மந்தையும் என்றாலும் போட்டுவிட்டு வாருங்கள். மாடு கணக்கில் வராது, குறிப்பில் எழுதலாம்.

மெர்லின் செயலி சத்தத்தைக் கேட்டுச் சொல்வதை அப்படியே நம்பி ஏற்றுவதும் வேண்டாம். கண்ணால் பார்த்த பிறகு ஏற்றுங்கள்.

—

மதகடி எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில்: வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்கட்டியைக் கேளுங்கள். மதகுக்குப் பக்கத்து டீக்கடையில் விசாரித்தால் யார் என்று காட்டுவார்கள். பயிர் எந்த நிலையில் இருக்கிறது, எந்த மதகு எத்தனை நாள் ஓடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பறவை பார்க்க வந்தேன் என்றால் முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார், இரண்டாவது தடவை அவரே, மேற்கால அந்தக் குட்டையில் சிகப்புக் காலா நெட்டையா நிக்குது பாரு என்று கைகாட்டுவார். எந்த வருடத்தில் எந்தப் பறவை வரவில்லை என்று எந்தப் பட்டியலிலும் இல்லாத விஷயம் அவரிடம் இருக்கும், வாலாஜா ரோடு ஒருமுறை ரெக்கார்ட் செய்ய முயன்றார், மனிதர் போனைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

குத்தகை எடுத்தவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்வாய்க்குள் இறங்குங்கள், மீன் திருட வந்த ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. செருப்பு வேண்டாம், தடித்த அடியுள்ள ஷூ போடுங்கள், சீமைக்கருவேல முள் ரப்பரைத் துளைத்துக்கொண்டு வரும். டிசம்பரில் சேறு எங்கே உளை, எங்கே கெட்டி என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, முதல் தடவை தனியாக இறங்காதீர்கள்.

வருகிற ஞாயிறு நான் ஊரில்தான் இருக்கிறேன். ஆறு மணிக்குக் காவேரிப்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள், ஸ்கோப்பையும் கொண்டு வாருங்கள். டீச்சர், பிள்ளைகளைக் கூட்டி வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், மதகுப் பக்கம் ஆழம், அவர்களைக் கரைமேலேயே நிறுத்திக்கொள்ளலாம்.